பலாப்பழ வழக்கும் பொலிஸ் ஸ்டேசன் பலகையும்

மஹய்யாவ, கண்டி.
1934, வைகாசி மாதம்.

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற முனிசிபல் கிளாக்கர் அழகமுத்து அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் குடும்பத்தாரும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் அச்சுக்கூடத்தின் சுகத்தையும் அறிய ஆவல். மேலே சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, தெருவில் தலைகாட்ட முடியவில்லை, இதற்கெல்லாம் காரணம் தங்கள் பத்திரிகையும் அதில் வந்த கடிதங்களும். அந்தக் கடிதங்களை எழுதிய 'பொதுசன சிநேகிதன்' யார் என்று தாங்கள் யோசித்திருப்பீர்கள். ஐயா, அந்தப் பாவி நான்தான்.

நடந்ததை ஆதியிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். முன்பெல்லாம் ஒருவன் ஸ்டேசனுக்குப் போய் முறைப்பாடு சொன்னால் சார்ஜன் எழுதிக்கொள்வார், அது வழக்காகிக் கோட்டுக்குப் போகும், நீதவான் துரை அதை ஒரு பார்வை பார்த்துத் தூக்கி எறிவார், எல்லாரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார்கள். இந்த வீண் அலைச்சல் வேண்டாம் என்று அரசாங்கம் ஒரு பிரக்கிராசியை, அதாவது கோட்டில் அரசாங்கத்தின் பக்கம் நின்று வழக்குப் பேசுகிறவரை, ஸ்டேசனுக்குள்ளேயே கதிரை மேசை போட்டு உட்கார வைத்தது. எந்த முறைப்பாடு வழக்காக நிற்கும், எது நிற்காது என்று அவர் பார்த்துச் சொல்லவேண்டும். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? ஒரு அறைக்குள் பச்சைத் திரை போட்டு அவரை உட்கார்த்திவிட்டார்கள். முறைப்பாடு உள்ளே போகிறது, அப்புறம் அதற்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. பொலிஸ்காரன் ஊற்றிக் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்கிற மனிதர் நாளைக்குப் பொலிஸ்காரனின் முறைப்பாட்டையே தள்ளுவாரா என்று கடைவீதி முழுக்க இதே பேச்சு. பென்சன்காரனுக்கு வேறு என்ன வேலை, நான் பேனாவை எடுத்தேன். எந்த முறைப்பாட்டை எடுத்தார், எதைத் தள்ளினார், என்ன காரணத்தால் தள்ளினார் என்று தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதி ஸ்டேசன் வாசலில் ஒட்டு, மூடி வைத்த சட்டியில் என்ன வேகிறது என்று ஊருக்குத் தெரியவேண்டும் என்று நான் எழுத, தாங்களும் அதைப் பெரிய எழுத்தில் போட, மேலிடம் அசைந்து கொடுத்துவிட்டது. பலகை வந்தது. அதற்கு முன்னால் தேங்காய் உடைத்தவனும் நானேதான் ஐயா.

முதல் வாரம் என்ன ஆனந்தம், என்ன ஆனந்தம்! ஒருவர் தன் மச்சான் தன் முகத்துக்கு நேரே வேண்டுமென்றே தும்மினான் என்று முறைப்பட்டிருந்தார், தும்மலில் உள்நோக்கத்தை நிரூபிக்க முடியாது என்று பலகையில் காரணம் எழுதியிருந்தது. இன்னொருவர் குடை களவு போயிற்று என்று வந்திருந்தார், குடை அவர் கக்கத்திலேயே இருந்தது, வழக்கு இல்லை. ஒரு ராலஹாமி, அதாவது நம் பொலிஸ் கொஸ்தாப்புமாரில் ஒருவர், தனக்குச் சலாம் போடவில்லை என்று ஒரு கைவண்டிக்காரனைப் பிடித்து வந்ததும் தள்ளுபடி, காரணம் அச்சமில்லாமல் எழுதியிருந்தது. தேத்தண்ணி குடித்தாலும் மனிதர் நேர்மையான ஆள்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. அவர் பெயர் நாகநாதர், யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் சிரிக்கமாட்டார். காலையில் பலகையைப் படிக்க அத்தனை கூட்டம். வடை சுடுகிற சுந்தரி தன் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே உரத்து வாசித்துக் காட்டினேன், குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டி. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது போதாதென்று அதற்கப்புறம்தான் என் சனி என்னைப் பிடித்தது.

என் மகள் பரிமளத்துக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்தோம். போன வருடம் ஒரு இடம் கூடிவந்து, பெண் வாயாடி என்று யாரோ சொல்லி, கலைந்துபோனது. அதில் அவள் அம்மா சுப்பம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது தெல்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பெரியதம்பி, தன் மகன் வீரையாவுக்குப் பெண் பார்க்க வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். அவர்களுக்கு வைக்கவென்றே எங்கள் வளவுப் பலாமரத்தில் ஒரு பழத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தேன். அந்தக் கிளை பக்கத்து வீட்டு மக்கீன் நானாவின் வேலிக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், காம்பு இருக்கிறது, பழம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பலாப்பழ வாசம் வந்து மூக்கைத் துளைக்கிறது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! தெருவில் நின்று நான் போட்ட சத்தத்தில் மக்கீன் நானாவின் சம்சாரம் ஆஸியா உம்மா சன்னலைச் சாத்திக்கொண்டார். சுப்பம்மா என்னவோ சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டினேன், நேரே ஸ்டேசன், பலாப்பழக் களவு என்று முறைப்பாடு.

மறுநாள் பிரக்கிராசி நாகநாதர் இரண்டு வீட்டாரையும் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டு வைத்து விசாரித்தார். மக்கீன் நானா தாடியைத் தடவிக்கொண்டு, பழம் வந்தது உண்மை, ருசியும் உண்மை, ஆனால் அது பொம்பளையாக்கள் கொடுக்கல் வாங்கல், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சுப்பம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். நாகநாதர் பரிமளத்தைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதும் தெரியுமோ என்று கேட்டார். என் மகள்தானே, என் பக்கம் பேசுவாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? நோன்பு மாதத்தில் ஆஸியா உம்மா வீட்டுக் கஞ்சி வந்த பீங்கான் பாத்திரம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டதாம். அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எந்த வீட்டு முறை? மரத்துப் பழமோ கனிந்து வெடிக்கிற நிலை, மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வரும்வரை அது காத்திருக்குமா? ஆகவே அப்பா தூங்கும்போது அம்மா பழத்தை இறக்கிப் பாத்திரத்தோடு கொடுத்துவிட்டாராம். ஆஸியா உம்மாவுக்கும் அதே முறைதானே! அன்று சாயந்தரமே அந்தப் பாத்திரம் நிறைய, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் திரும்பி வந்துவிட்டதாம்.

"அந்த வட்டிலப்பத்த அப்பாதான் சாப்பிட்டாங்க. நல்லாருக்குன்னு மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க" என்றாள் பரிமளம்.

சாப்பிட்டேன் ஐயா, இல்லை என்று சொல்லவில்லை. மேலே முந்திரிப் பருப்பெல்லாம் போட்டு வந்த வட்டிலப்பத்தை யார் வேண்டாம் என்பார்கள்? களவு போன பழத்துக்காக வயிறெரிந்துகொண்டு இருந்தவனுக்கு ஏதோ ஆறுதலாக இருக்கட்டும் என்று சாப்பிட்டேன். அது அந்தப் பழத்துக்கே ஈடு என்று எனக்கு எப்படித் தெரியும்? பெற்ற மகள், அரசாங்க அதிகாரிக்கு முன்னால், அப்பனை இப்படி விட்டுக்கொடுத்தாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பலகையில் இப்படி இருந்தது: "முறைப்பாடு: பலாப்பழக் களவு. முறைப்பாட்டுக்காரர்: மஹய்யாவ அழகமுத்து. முடிவு: வழக்கு இல்லை. காரணம்: பழத்தைக் கொடுத்தவர் முறைப்பாட்டுக்காரரின் மனைவி. பதிலாக வந்த வட்டிலப்பத்தை முறைப்பாட்டுக்காரர் உண்டார், மீண்டும் கேட்டு உண்டார். சாட்சி: அவர் மகள். எதிரியின் பீங்கான் பாத்திரம் இன்னும் முறைப்பாட்டுக்காரர் வீட்டில் உள்ளது." மூன்று பாஷையிலும், ஐயா! இங்கிலீசில் வட்டிலப்பத்துக்கு வார்த்தை இல்லாததால் அதற்கு விளக்கம் வேறு.

இப்போது என் ஆபத்தைக் கேளுங்கள். தெல்தோட்டை பஸ் வந்து நிற்பது அந்தப் பலகைக்கு நேரெதிரே. பெரியதம்பியோ சரக்குச் சுற்றி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து வாசிக்கிற மனிதர் என்று கேள்வி. நாளை அவர் இறங்கி இதை வாசித்தால் என் மகள் கதி என்ன? வாயாடி என்ற பேரோடு அப்பனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேரும் சேர்ந்தால் அவளை யார் கட்டுவார்கள்? முதலில் ராலஹாமியிடம் போய்க் கெஞ்சினேன். பலகை வேண்டும் என்று தேங்காய் உடைத்தது நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, இந்த ஆள் எதை மறைக்கிறான் என்று முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம் கூடிவிட்டது. சுந்தரிக்கு அன்று வடை பற்றவில்லை. கடைசியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சிரட்டையில் மாப்பசை காய்ச்சி எடுத்துப்போய், கையில் அகப்பட்ட ஒரு பழைய பத்திரிகைத் தாளை அதன்மேல் ஒட்டினேன். ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அது தங்கள் பத்திரிகை. அதில் பொதுசன சிநேகிதன் எழுதிய கடிதம், 'மறைக்காதே, ஊருக்குக் காட்டு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் பிரக்கிராசி நாகநாதர்.

எனக்கு மகள் இருக்கிறாள், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், ஒரே ஒரு நாளைக்கு என் வழக்குத் தாளைக் கழற்றிவிடுங்கள் என்று கும்பிட்டேன். மனிதர் கல் நெஞ்சரில்லை, முகம் இளகிற்று. ஆனால் என்ன சொன்னார் தெரியுமா?

"ஐயா, கழட்டலாம். கழட்டினா, ஏன் கழட்டினதெண்டு இன்னொரு தாள் ஒட்டவேணும். அதுதானே நீங்கள் எல்லாரும் கேட்ட ஒழுங்கு" என்றார். அரசாங்கப் பலகையில் பசை பூசியதற்கு என்மேல் ஒரு முறைப்பாடு எழுதவேண்டியிருக்கிறது என்றும் வருத்தத்தோடு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆகையால் கனம் பத்திராதிபர் அவர்களே, தங்கள் பாதத்தைப் பிடித்துக் கேட்கிறேன். பொதுசன சிநேகிதன் எழுதியதெல்லாம் காய்ச்சல் நேரத்துப் பிதற்றல் என்று உடனே ஒரு அறிவிப்புப் போடவும். பிரக்கிராசி திரைக்குப் பின்னாலேயே இருக்கட்டும், திரை இன்னும் தடிப்பாக இருக்கட்டும், சட்டியில் வேகிறது சட்டிக்குள்ளேயே வேகட்டும் என்று ஒரு தலையங்கமும் எழுதவும். என் பெயர் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கவும், தங்கள் அச்சு மை என்றும் காயாதிருக்கவும் கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
பெயர் சொல்ல விரும்பாத,
பொதுசன சிநேகிதன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மேலே எழுதியது அத்தனையையும் தயவுசெய்து அடித்துவிடவும். பெரியதம்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலகையைத்தான் பார்த்தாராம், நான் ஒட்டிய தாளை ஊர்ச் சனமே பிய்த்து வைத்திருந்ததாம், மூன்று பாஷையிலும் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்தார், பலகாரத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. பலகாரத்தைத் தின்று முடித்துவிட்டு, "பொலிஸ் ஸ்டேசன்ல நிக்க வச்சும், பெத்த அப்பனுக்காகக்கூட ஒரு பொய் சொல்லாத பொண்ணு. எங்க கடைக் கல்லாவுல உக்கார இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். சுப்பம்மா அழத் தொடங்கினாள், இந்த முறை சந்தோஷத்தில். நானும் அழுதேன் ஐயா, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அத்தோடு போயிற்றா? உள்ளே இருந்து பரிமளம் வந்தாள். "எங்க வீட்டு விசயம் பூரா எழுதி ஒட்டியிருக்கு, வாசிச்சிட்டீங்க. உங்க வீட்டு விசயத்த நான் எங்க போயி வாசிக்கிறது?" என்று கேட்டாள். இதோ இந்தச் சம்பந்தமும் பஸ் ஏறிப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது மாப்பிள்ளை வீரையா எழுந்து நின்று, கடையில் கருப்பட்டி குறைகிறது என்று அப்பா எலிப்பொறி வாங்கி வைத்தாரே, அந்த எலி தான்தான் என்று சொன்னான். பெரியதம்பி திறந்த வாய் மூடவில்லை. பரிமளம் சிரித்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம்.

மக்கீன் நானா வீட்டுப் பீங்கான் பாத்திரத்தை நிச்சயதார்த்தப் பலகாரம் நிறைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அது உடனே வட்டிலப்பத்தோடு திரும்பி வந்தது. எதற்கு ஈடு என்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். ஆகவே இந்தப் பலகை ஒவ்வொரு ஊர் ஸ்டேசனிலும் வேண்டும் என்று தாங்கள் தலையங்கம் எழுதவேண்டும். என் பசை வழக்கு நாளைக்குப் பலகையில் வருகிறது, அதை வாசிக்கவென்றே சம்பந்தி இன்று இரவு இங்கே தங்குகிறார். இன்னும் ஒன்று. ஊருக்குக் காட்டு என்று எழுதியவர் தன் பேரை மட்டும் ஏன் மறைத்தார் என்று பரிமளம் என்னைக் கேட்டாள். ஆகையால், அடித்துவிடச் சொன்னதையும் அடிக்காமல், இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் போட்டு, கீழே இப்படிப் போடவும்: அழகமுத்து, பரிமளத்தின் தகப்பன், மஹய்யாவ, கண்டி.