கடைசி ரீலும் கன்னியம்மாவும்

ராயபுரம்,
ஆகஸ்ட் 2003

அன்புள்ள மச்சான் பகலவனுக்கு, கோதண்டம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கக்கா கன்னியம்மா நலமா என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

விஷயம் இதுதான். எழுபத்திரண்டில், கல்யாணம் பேசுவதற்கு முன்னால், உங்கம்மாவுக்குத் தெரியாமல் டோல்கேட் பக்கம் ஒரு கொட்டகையில் நாங்கள் ஒரு காதல் படம் பார்த்தோம். பார்த்தோம்னா இன்னா, நான் ஆம்பளைங்க பக்கம், அவ பொம்பளைங்க பக்கம், நடுவுல தட்டி. அப்போ ஒரே பிரிண்ட்டை வச்சிகினு ரெண்டு கொட்டாய்ல ஓட்டுவானுங்க. அங்க ஓடி முடிஞ்ச ரீலை சைக்கிள்ல இங்க எடுத்தாரணும். அன்னிக்குக் கடைசி ரீலு கொண்டாந்தவன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுல, கூட்ஸ் வண்டி போற வரைக்கும் மாட்டிக்கினான். ஜனம் விசிலடிச்சி பெஞ்சை உடைக்குது. ஆப்ரேட்டர் இன்னா பண்ணுவான் பாவம், படகுக்கார ஹீரோவும் அந்தப் பொண்ணும் கைகோத்து நிக்கிற இடத்தோட நிறுத்தி, "சுபம்"னு ஸ்லைடு போட்டுட்டான். நானும் நம்பிட்டேன். வெளிய சைக்கிள் ஸ்டாண்டாண்ட, என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதுக்கு உங்கக்கா, "சரி, உங்க வூட்டுப் பெரியவங்கள வந்து பேசச் சொல்லுங்க"ன்னா. நானும் அப்போ ஹார்பர்ல படகு ஓட்டுனவன்தானே மச்சான்!

போன ஞாயித்துக்கெயம நம்ம பொண்ணு மகிழினி அந்தப் படத்தை சிடியில கொண்டாந்தா. புள்ள ஆசையா போட்டுச்சி. சுபத்துக்கு அப்பால இன்னா நடக்குது தெரியுமா? அந்தப் பொண்ணு படகுக்காரன் கையை உதறிட்டு, ஆபீசர் மாப்பிள்ளையோட ரயிலேறிப் பூடுது! அப்போ உங்கக்காவுக்கும் தாலுகா ஆபீஸ்ல ஒரு வரன் வந்துதே! திரும்பிப் பாத்தா, கன்னத்துல கையை வச்சிகினு, கண்ணுல தண்ணியோட குந்தினுகீறா. அதோட பேச்சு நின்னுபோச்சி. சோறும் சரியா துன்றதில்ல.

பொண்ணு கல்யாண வயசுல நிக்குது, இப்போ போய் இன்னா கேள்வின்னு நீ சிரிப்ப. ஆனா அன்னிக்கு அவ சரின்னது எனக்கா, அந்த ஸ்லைடுக்கான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வர்ல. கேக்கவும் பயமா கீது. நீ லீவு போட்டு வந்து, உங்கக்கா மனசுல இன்னா கீதுன்னு கேட்டுச் சொல்லு.

உன் சம்சாரமும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல், பேச்சும் சிரிப்புமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பேஜாரில் இருக்கும் உன் மாமா,
கோதண்டம்

பி.கு.: தம்பி, மாமா இத தபால்ல போடச் சொல்லி மகிழினி கையில குடுத்துச்சி, அவ எங்கையில குடுத்துட்டா. எனக்குக் கடவாப்பல்லு வலி, வாயைத் தொறக்க முடியல. இன்னா வலின்னு ஒரு வார்த்த கேட்டுதா அந்த மனுசன்? நீ லீவெல்லாம் போடாத. அந்தப் படத்த நான் அப்போ மாமாவோட பாக்கறதுக்கு மொத நாளே எதிர்வூட்டுப் பொண்ணுங்களோட மேட்னி ஷோல கடைசி ரீலு வரைக்கும் பாத்துட்டேன். எல்லாம் தெரிஞ்சிதான் சரின்னேன். இத மாமாகிட்ட சொல்லிடாத. பயந்துகினு தெனமும் அதுவே காபி போட்டுக் குடுக்குது. சூடு பல்லுக்கு ஆவல, இருந்தாலும் குடிச்சிகினுகீறேன்.
- அக்கா