ஆணி அடிக்காத சுவர்

சம்பவம் நடந்த அறையில் இருந்தவர்கள்: தையல்காரர், அவருடைய மச்சினன், ஒரு சட்டி நிறையத் துணிக்குப் போடும் கஞ்சி, சுவரில் ஈரம் சொட்டச் சொட்ட ஆறு சிவப்பு எழுத்துகள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஆணி.

ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனர் போட்ட சட்டம். மாடியில் இருக்கும் அவர் மாதம் ஒருமுறை கீழே இறங்கி வருவார். மாட்டுக்குச் சினை பார்ப்பவர் மாதிரி நாலு சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்குப் பயந்து காலண்டர்கூட நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் அவருக்கு 'ஆணியார்' என்று பெயர்.

"இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கலாமா சார்?" என்று மாடிக்குப் போய்க் கேட்டால் ஒரே பதில்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்."

சொல்லிவிட்டு முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும்.

யோசித்து முடித்த பதிலை இன்று ஐந்து மணிக்குச் சொல்வதாக இருந்தார். தையல்காரர் பதினொரு வருஷத்தில் ஒன்பது வீடு பார்த்தவர். மிஷினைத் தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு விழுந்திருந்தது. பத்தாவது வீடு தேடத் தோளிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. துணியில் எழுத்து வெட்டி, கஞ்சியில் முக்கி, சுவரில் ஒட்டுவது. ஆணி வேண்டாம், பெயின்ட் வேண்டாம். உரித்தால் தடமே தெரியாது. வீட்டை இவ்வளவு அழகாக வைத்திருப்பவனைப் போகச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

"சட்டத்துல ஒரு ஓட்டை இருந்தா, அதுல பட்டன் மாட்டத் தெரியணும் மாப்ளே," என்றார் தையல்காரர். காலையிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே இரண்டு தடவை தேடிவிட்டார்.

எழுத்து ஒவ்வொன்றும் முழங்கை உயரம். எங்கள் வீடு.

மச்சினன் டைல்ஸ் போடுகிறவன். ரசமட்டம் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான். எழுத்துகளுக்கு அடியில் அதை வைத்து ஒரு கண்ணை மூடினான்.

"மாமா, வீடு ரெண்டு விரல் இறங்கியிருக்கு."

"எந்த வீடு?"

"சுவத்துல இருக்கறது. நாம நிக்கிற வீடும் இறங்கித்தான் இருக்கு. அது வேற கணக்கு."

அப்போதுதான் தையல்காரரின் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து உள்ளே வந்தாள். சுவரைப் படித்தாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்படி?" என்றார் தையல்காரர்.

"அழகாத்தான் இருக்கு. யார் வீடு?"

"நம்ம வீடு."

"அப்போ அஞ்சு மணிக்கு வர்றாரே, அவர் வீடு?"

தையல்காரருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "அது, ஒரு பாசத்துல..."

"அடுத்தவன் சட்டையில நம்ம பேரைத் தைச்சு, அவனையே போட்டுப் பாக்கச் சொன்ன மாதிரி இருக்கு உங்க பாசம். கிழிங்க முதல்ல."

மணி நாலேகால்.

எழுத்துகள் சொன்ன சொல் தவறாமல் சுலபமாக உரிந்து வந்தன. துணியின் சாயம்தான் கூட வரவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் அச்சடித்த மாதிரி எங்கள் வீடு இருந்தது.

"புதுத் துணியை நனைச்சுப் பாக்காம வெட்டுவீங்களா? நீங்க தையல்காரர்தானே?"

"ஊருக்குத் தைக்கிறப்போ நனைச்சுத்தான் பாப்பேன். இது நமக்குத்தானேன்னு..."

மச்சினன் ஈரத்துணியால் தேய்த்தான். சுவரில் பத்து வருஷமாகப் படிந்திருந்த அழுக்கெல்லாம் போனது. சிவப்பு போகவில்லை. சுவர் வெளுக்க வெளுக்க எழுத்து பளிச்சென்று வந்தது. முன்பு அறைக்குள் வந்தால்தான் படிக்க முடியும். இப்போது தெருவிலிருந்தே படிக்கலாம்.

"போதும்டா. நீ தேய்க்கத் தேய்க்க விளக்கு போட்ட மாதிரி வருது," என்றாள் அவன் அக்கா.

தையல்காரருக்கு அடுத்த யோசனை உதித்தது. யோசனைக்கு என்றைக்குமே அவரிடம் பஞ்சமில்லை. கல்யாணத்துக்கு வந்த வெள்ளைப் போர்வை, இரட்டைக் கட்டில் அளவு, பிரிக்காமல் கிடந்தது. அதையும் கஞ்சியில் முக்கிச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டால் வெள்ளைச் சுவர்தானே?

"மாமா, நீங்க மூளைக்காரர்," என்றான் மச்சினன், ஸ்டூலில் ஏறியபடி.

ஒட்டினார்கள். ஒரு சுருக்கமில்லை. மூன்று பேரும் பின்னால் நகர்ந்து பார்த்தார்கள். தையல்காரர் கைதட்டக்கூடக் கையைத் தூக்கிவிட்டார்.

முதலில் 'வீ' வந்தது.

கஞ்சி ஈரம் சுவரின் சாயத்தை உறிஞ்சியது. போர்வையில் ரோஜா நிறத்தில் ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்து, ஒரு சாண் கூடுதலாகப் பரவி, சிவந்து, நின்றது.

"பழசைவிடப் பெருசா இருக்கே," என்றான் மச்சினன். தகவலுக்காகத்தான் சொன்னான். அக்கா பார்த்த பார்வையில் ரசமட்டத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.

போர்வையை உரிக்கக் கை வைப்பதற்குள் காலிங்பெல் அடித்தது. ஐந்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நல்ல சேதி என்றைக்கு முன்கூட்டி வந்திருக்கிறது?

ஆணியார் தன் மனைவியோடு உள்ளே வந்தார். பழக்கதோஷத்தில் வலது கையைச் சுவரை நோக்கி நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. படித்தார். இன்னொரு முறை படித்தார்.

தையல்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முழங்கை வரை சிவப்பு. கையும் களவுமாக என்பார்களே, அது.

"சார், சத்தியமா ஒரு ஆணிகூட..."

ஆணியார் போதும் என்பதுபோல் தலையசைத்தார். தையல் மிஷின் ஸ்டூலைத் துழாவி உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அதையும் அந்தப் போர்வை உறிஞ்சிக்கொண்ட மாதிரி இருந்தது.

"எப்ப முடிஞ்சுது சார்?"

தையல்காரரை அவர் இதுவரை 'என்னப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். சார் என்றது யாரை என்று தையல்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

"இப்பதான் சார். மத்தியானம் முடிஞ்சுது."

"ஞாயித்துக்கிழமைகூடப் பத்திரம் பதியறாங்களா?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆணியாரின் மனைவிதான் வாயைத் திறந்தாள். அவளை மாடிப்படியில் பார்த்திருக்கிறார்களே தவிர, பேசிக் கேட்டதில்லை.

"எங்க ஓனர் இந்த வீட்டை விக்கப் போறேன்னு சொன்னப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கீழ இருக்கறவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்கன்னு. கேட்டாரா இந்த மனுஷன்?" என்றவள் தையல்காரரின் மனைவி பக்கம் திரும்பினாள். "மாடி, கீழ் ரெண்டுமே நாங்க வாடகைக்கு எடுத்ததுதாம்மா. வீட்டை நீங்க வாங்கினதுல சந்தோஷம். எங்களை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. வேணும்னா மேல வந்து தடவிப் பாருங்க, ஒரு ஆணிகூட அடிக்கல."

தையல்காரர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அவர் கால் மேல் மனைவியின் குதிகால் அழுத்தமாக இறங்கியது.

"யோசிச்சுச் சொல்றோம்," என்றாள் அவள்.

இருவரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். கதவைச் சாத்தி, மாடி வரை கேட்கும்படி தாழ்ப்பாளைப் போட்டாள்.