முறைத்துப் பார்த்த படகு

பெண் கேட்கப் போகிறவன் தன் புத்திசாலித்தனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பூவும் பழமும் போதும். நான் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போனேன்.

பெண் வேறு யாருமில்லை, மாமன் மகள் கவிதா. அவளுக்குச் சம்மதம், என் அம்மாவுக்கும் சம்மதம். பாக்கி மாமாதான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்பவர். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, முட்டி நனையாமல் ஐ.டி. கம்பெனிக்குப் போன அக்கா மகனைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. எனக்கோ அவரைக் கண்டாலே உதறல். சின்ன வயதிலிருந்தே அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. பேசுவதெல்லாம் அவர் சட்டைப் பொத்தானோடுதான்.

“ஏசி ரூம்ல குந்திகினு இன்னாதான்டா பண்ற?” என்று ஒருநாள் கேட்டார்.

“கம்ப்யூட்டரைப் படம் வரைய வைக்கிறேன் மாமா,” என்று பொத்தானிடம் சொன்னேன். “நாம வரைய வேணாம். அதுவே புதுசு புதுசா கண்டுபிடிக்கும்.” (ஆபீஸில் நான் பார்த்தது ஊழியர்கள் லீவு போடுவதற்கான மென்பொருள். படம் வரைவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.)

“அப்ப என் புதுப் படகுக்கு ஒண்ணு போட்டுக் குடு. நல்லா வந்துச்சுன்னா கல்யாணப் பேச்சை எடுக்கலாம். இல்லாங்காட்டி இந்தப் பக்கம் வராத.”

முறை எளிதுதான். கம்ப்யூட்டர் முதலில் ஒரு திரை நிறையக் கிறுக்கல்களைப் போடும். பார்ப்பவர்கள் பிடித்ததை அமுக்க வேண்டும். அமுக்கிய படங்களைத் தாய் தகப்பனாக வைத்து, இதன் நிறத்தையும் அதன் வளைவையும் கலந்து, அங்கங்கே கொஞ்சம் மாற்றிக் குட்டிகள் போடும். குட்டிகளில் பிடித்ததை மறுபடி அமுக்க வேண்டும். உயிர்கள் பரிணமித்தது போலவே படமும் தலைமுறை தலைமுறையாகத் தேறிக்கொண்டு வரும். கடைசியில் எந்த மனிதனும் நினைத்துப் பார்க்காத ஓவியம் பிறக்கும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

அமுக்குவதற்கு ஆள் வேண்டுமே. மாமாவின் படகில் போகும் தேசிங்கு அண்ணனிடமும் அவர் கூட்டாளிகளிடமும் டேப்லெட்டைக் கொடுத்தேன்.

“ஆடு வளக்குற மாதிரி படத்த வளக்கணும், அவ்ளோதானே? குடு தம்பி,” என்றார் தேசிங்கு அண்ணன்.

வலை பிரிக்கும் கொட்டகையிலிருந்து அன்றைக்கெல்லாம் சிரிப்புச் சத்தம். கலை மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. கவிதாவும் உள்ளே போய் அமுக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். மடையன் நான், அதையும் ரசனை என்றே எடுத்துக்கொண்டேன்.

முடிவில் வந்த படம் பிரமாதம். ஒரு கரிய அலை மேலே எகிறி நின்றது. நடுவில் ஒரு சுழல் ஒரு பக்கமாகச் சரிந்தது. அடியில் ஒரு மணல்மேடு முன்னால் பிதுங்கியது. ‘கடலின் சீற்றம்’ என்று பெயரே வைத்துவிட்டேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த பெயின்டர் அதைப் படகின் முகப்பில் தீட்டினார். பாதியில் நிறுத்தி, “இது யாரு சார், கட்சிக்காரரா?” என்றார்.

“யாருமில்லைங்க. இது கணக்கு.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இந்த ரெண்டு எடத்துல கொஞ்சம் வெள்ளை வெச்சா எடுப்பா இருக்கும்.”

“வையுங்களேன்,” என்றேன் தாராளமாக.

படகைத் தண்ணீரில் இறக்கும் நாள். குப்பமே கரையில் கூடியிருந்தது. மாமா வெள்ளைச் சட்டையில் முகப்புக்குப் பக்கத்தில் நின்றார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, தார்ப்பாயை விலக்கினார்கள்.

கூட்டம் படகைப் பார்த்தது. அப்புறம் மாமாவைப் பார்த்தது. மறுபடி படகைப் பார்த்தது. இட்லிக் கடை அக்காதான் முதலில் சிரித்தது.

என்னவென்று புரியாமல், வாழ்க்கையில் முதல்முறையாக மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கெட்டது குடி. நான் அலை என்று நினைத்தது புருவம். சுழல், மீசை. மணல்மேடு, திட்டுவதற்குத் தயாரான கீழுதடு. இதில் கொடுமை, மாமாவுக்குக் கோபம் ஏற ஏறப் பொருத்தமும் ஏறிக்கொண்டே போனது.

“இன்னாடா இது?”

“பரிணாம வளர்ச்சி, மாமா.”

“கம்ப்யூட்டருக்கு என்னை எப்படிடா தெரியும்?”

தேசிங்கு அண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தார். “தம்பி மேல தப்பு இல்ல அண்ணாத்த. மொதல்ல ஒரு படம் நீ திட்டுறப்ப கீற மூஞ்சி மாதிரி இருந்துச்சு. சும்மா அமுக்குனோம். அப்பால இன்னும் நல்லா வந்துச்சு. வுட மனசு வரல.”

மாமா என் பக்கம் திரும்பினார். கல்யாணம் கடலோடு போனது என்று முடிவுகட்டிவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

“நானுந்தான்ப்பா அமுக்குனேன்,” என்றாள் கவிதா. “சிரிக்கிற மூஞ்சி வந்தா அதை அமுக்கலாம்னுதான் பாத்தேன். கடைசி வரைக்கும் ஒண்ணுகூட வரல.”

மாமா படகை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. திரும்பியபோது கண்ணில் தண்ணீர், மீசைக்கு அடியில் பல்.

“அழிக்காதீங்க. எவனும் கிட்ட வரமாட்டான். தள்ளுங்கடா,” என்றார். என்னிடம், “எங்கக்காவ இட்டுகினு வூட்டுக்கு வா. வந்தா பொத்தானப் பாக்காத, மூஞ்சியப் பாத்துப் பேசு.”

கல்யாணம் நடந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மகளும் பிறந்தாள். துணியை விலக்கிப் பார்த்தால் ஏறிய புருவம், பிதுங்கிய உதடு, அப்படியே அச்சு. மாமா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பார்க்க வந்த தேசிங்கு அண்ணன் குழந்தையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று அவர் சொன்னதை, இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் இலையில் கை வைப்பார்:

“அண்ணாத்த, சத்தியமா இத நாங்க அமுக்கல.”