வண்டியில் கழுதை, வெயிலில் இங்கிலாந்து

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சுவைலிம் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் ஜத்ஆன் ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. அல்லாஹ் கிருபையில் இங்கே நான், உங்கள் தங்கை, மகள் வத்ஹா, ஆடுகள் எல்லோரும் சுகம். அகபாவில் நீங்களும், மச்சியும், சுவர் கட்டிப் புதிதாக ரோஜாச் செடி வைத்திருக்கிற உங்கள் வீடும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சுற்றுலாக் கம்பெனி வண்டியில் நான் கழுதையை ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று யாரோ உங்களிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறீர்களாம். எடுங்கள். ஆனால் அந்தக் கழுதை வண்டியில் ஏறாமல் போயிருந்தால் வத்ஹாவின் நிச்சயதார்த்தம் முறிந்திருக்கும் என்பதைத் தாய்மாமனாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாக்கடலிலிருந்து அகபா வரை, ஜூன் மாதத்தில், வாதி அரபா பாலைவனம் வழியாக இங்கிலாந்துக்காரர்கள் சைக்கிள் மிதிப்பார்கள், நீ தண்ணீரும் ஐஸும் ஏற்றிக்கொண்டு பின்னால் போ, ஒருத்தரும் வண்டியில் ஏறக்கூடாது, ஏறினால் ஊரில் அவர்களுக்கு ஒப்புக்கொண்ட நன்கொடை வராது என்றீர்கள். சரி என்றேன். ஏன் ஜூன் என்று அவர்களின் தலைவி டாஃப்னி அம்மாவிடம் என் பட்டாளத்து இங்கிலீஷில் கேட்டேன். "வெயில் ஜாஸ்தியா இருந்தாத்தான் ஜனங்க மனசு இளகும்" என்றார். ஆடு மேய்க்கிறவன்கூட நிழல் பார்த்து ஒதுங்குகிற நேரத்தில், பேரன் பேத்தி எடுத்தவர்கள் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு தக்காளி மாதிரிச் சிவந்து மிதிக்கிறார்கள். நான் பின்னால் ஏ.சி.யில் போகிறேன். எனக்கே கூச்சமாக இருந்தது மச்சான்.

நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? பாலைவனத்தில் ஒருத்தன் வெயிலில் தவிக்கிறதைப் பார்த்தும் நிறுத்தாமல் போனவனை அவன் பெண்டாட்டிகூட மதிக்க மாட்டாள். வருகிற பிக்கப் எல்லாம் நின்றது. தக்காளி ஏற்றி வந்த ஹுலைல், டாஃப்னி அம்மாவின் சைக்கிளைப் பிடுங்கிக் கூடைகள் மேல் போட்டுவிட்டு, "ஏறும்மா, ஏறு! இந்த வயசுல உன்னை இப்படி விட்டுட்டு உம் புள்ளைங்க எங்க போய்த் தொலைஞ்சானுங்க?" என்று திட்டிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டான். நான் ஹாரன் அடித்துக்கொண்டு துரத்துகிறேன், அவனோ வாழ்த்துகிறேன் என்று நினைத்துக் கை ஆட்டுகிறான். ஒருவழியாக மறித்து இறக்கினால், அந்த அம்மா "எங்க ஏத்தினாரோ அங்கிருந்துதான் மறுபடி மிதிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். வந்த வழியே சைக்கிளில் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி மிதித்தார். இவரை மீட்டு வருவதற்குள் இன்னும் இரண்டு பேரை யாரோ இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முன்னால் மிதித்ததை விடப் பின்னால் மிதித்ததுதான் அதிகம். அவர்களுக்கு அவர்கள் சத்தியம், நம்மவர்களுக்கு நம் மானம், நடுவில் மத்தளமாக நான்.

கடைசியில் ரீஷா ஊரில், வத்ஹாவின் வருங்கால மாமனார் ஹாஜி மித்இப் கூடாரத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். சம்பந்தி வாசலைத் தாண்டிக் காபி குடிக்காமல் போக முடியுமா? உட்கார்ந்தோம். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல மறந்து தொலைத்தேன். அவர்கள் நன்றி நன்றி என்று நீட்ட, ஹாஜியின் மகன் ஊற்ற, எல்லோருக்கும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அப்போது ஹாஜி கேட்டார்: "எதுக்குடா ஜத்ஆன் இந்தப் பாடு படுறாங்க? ஹஜ்ஜு நேர்ச்சையா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லைங்க. அவங்க ஊர்ல வயசான கழுதைங்களுக்குக் கொட்டகை போடணுமாம்."

ஹாஜியின் கண் கலங்கிவிட்டது. "ஒரு கழுதைக்கு வழியில்லாமலா இந்த ஏழைங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று எழுந்து போய், சந்தைக்குச் சந்தை இழுத்துப் போயும் விலை போகாத தன் கிழட்டு நொண்டிக் கழுதையைக் கொண்டுவந்து, கயிற்றை டாஃப்னி அம்மா கையில் கொடுத்தார். வேண்டாம் என்று நான் வாயைத் திறந்தேன். "எங் கொடையைத் தட்டுற வீட்டுல எம் புள்ளை பொண்ணெடுக்க மாட்டான்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். நொண்டிக் கழுதை அகபாவுக்கு நடக்குமா? ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றினேன்.

இங்கேதான் மச்சான் அதிசயம். அதற்குப் பிறகு ஒரு வண்டி நிற்கவில்லை! கழுதை நிழலில் நின்று ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டு போகிறது, மனுஷர்கள் முன்னால் நாக்குத் தள்ள மிதித்துப் போகிறார்கள். பார்த்தவன் எல்லாம் வேகத்தைக் கூட்டிவிட்டான். எதிரே வந்த ஹுலைல், "தவிக்கிறவனுக்குத்தான் உதவணும், பைத்தியத்தை அது போக்குல விட்டுரணும்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அப்படித்தான் ஒருத்தரும் எந்த வண்டியிலும் ஏறாமல் அகபா வந்தார்கள். கடலைக் கண்டதும் டாஃப்னி அம்மா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பைத்தியமானாலும் சொன்ன சொல் தவறாத பைத்தியம்.

உங்கள் வாக்கும் நிலைத்தது, வத்ஹாவின் நிச்சயமும் நிலைத்தது. மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும், வாசலுக்கு வருகிற விருந்தாளி குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் எதையும் கேட்காத
ஜத்ஆன்

பின்குறிப்பு: கழுதையை இங்கிலாந்துக்கு அனுப்ப ஆகும் செலவு, அது நிற்கப்போகும் கொட்டகையின் செலவை விட அதிகமாம். சுவரும் பசும் செடியும் உள்ள வீடு எனக்கு ஒன்று தெரியும் என்று டாஃப்னி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வருஷா வருஷம் சைக்கிளிலேயே வந்து பார்ப்பாராம், கூட்டத்தோடு. வெள்ளிக்கிழமை ஹாஜி மித்இப்பும் கழுதையின் நலம் விசாரிக்க அங்கே வருகிறார். அது இளைத்திருந்தால் வத்ஹாவின் நிச்சயதார்த்தத்தை முறித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடிதம் கொண்டுவந்தவர் கையில் ஒரு கயிறு இருக்கும். இதைப் படித்து முடிப்பதற்குள் ரோஜாச் செடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.