அரசாங்கக் கோழியின் சாறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அதிகாரத்தைக் கொடுக்கலாம், அல்லது ஒரு விறைப்பான உடுப்பைக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

நான் கால்நடை மருத்துவர். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்து, படிப்பு முடிந்து முதல் வேலைக்குச் சின்னமனூர்ப் பக்கம் வந்து இறங்கினேன். மேற்கு வங்கத்தில் பறவைக் காய்ச்சல் பரவிக் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழித்துக்கொண்டிருந்த சமயம். இங்கே லோயர் கேம்ப் வழியாகக் கேரளத்துக்குப் போகும் கோழி லாரிகளை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். எங்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். நோய் கோழியிலிருந்து மனிதருக்குத் தாவினால் உயிருக்கே ஆபத்து, சீக்குக் கோழியை யாரையும் தொடவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லி, ஆளுக்கொரு பாதுகாப்பு உடையும் தந்தார்கள். தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளை அங்கி, கண்ணாடி, முகக்கவசம், இரட்டைக் கையுறை, ரப்பர் பூட்ஸ். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். (நிற்க மாட்டேன் என்று சொல்பவர்கள் கையைத் தூக்குங்கள்.) கம்பம் பள்ளத்தாக்கே என்னை நம்பித்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அதைப் போட்டுக்கொள்ள வாய்ப்பும் சீக்கிரம் வந்தது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் கோழிகள் தலையைத் தொங்கப் போட்டுச் செத்துக்கொண்டிருப்பதாகத் தகவல். அறுவடை முடிந்த வயலில் எங்கிருந்தோ வந்த வாத்துக் கூட்டம் வேறு மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. பறவைக் காய்ச்சலை ஊர் ஊராகச் சுமந்து போவதே வாத்துகள்தான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். காலை இட்லியைத் தொடாமல், அலுவலக உதவியாளர் செல்லத்துரையை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். (நாட்டைக் காக்கப் போகிறவளுக்கு இட்லி எதற்கு?)

செத்ததெல்லாம் பாண்டியம்மாள் வீட்டுக் கோழிகள். களையெடுப்புக்குப் போகிற பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். கூலி இல்லாத நாட்களில் முட்டையும் கோழியும் விற்றுத்தான் அடுப்பெரியும். செத்ததை எல்லாம் வாய்க்காலில் வீசிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கோழி. அதுவும் கூரைக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பாண்டியம்மாள் கையில் அரிவாள்மணை.

"என்னம்மா செய்யப் போறீங்க?" என்று பதறினேன்.

"தூங்குற கோழி, பொழுதுக்குள்ள செத்துரும் டாக்டரம்மா. செத்தா வீணு. அதான் அறுத்து ஒரு கொழம்பு வச்சிரலாம்னு."

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். நன்றாக இருக்கிற கோழி சந்தைக்கு, தூங்குகிற கோழி சட்டிக்கு. பறவைக் காய்ச்சல் மனிதரிடம் வர இதைவிட நல்ல பாதை போட்டுத் தர முடியாது. நான் கையை உயர்த்தி, தெருவே கேட்கும்படி அறிவித்தேன்.

"இந்தக் கோழியை யாரும் தொடக் கூடாது. இந்த நிமிஷத்திலிருந்து இது அரசாங்கத்தோட கோழி."

பாண்டியம்மாள் கோழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அரசாங்கத்துக்கு இதுக்கா பஞ்சம்?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள்.

கோழியின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் தெரிந்தது, ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறோம், ஐஸைக் கொண்டுவரவில்லை. செல்லத்துரை பைக்கில் சின்னமனூருக்குப் பறந்தார். அவர் வரும்வரை கோழிக்கு நான் காவல். உடையை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மொட்டை வெயிலில் நின்றேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

"ஆத்தா, இப்படி நெழலுக்கு வாங்க" என்றாள் பாண்டியம்மாள்.

"நோய் இருக்கிற இடத்துல எதுலயும் சாயக் கூடாது, உட்காரக் கூடாது."

"மோராச்சும் குடிங்க."

"முகக்கவசத்தைக் கழட்டக் கூடாது."

"அப்ப மூச்சாச்சும் விடுங்க, மொகம் செவந்து கெடக்கு."

விட்டுக்கொடுத்தால் நான் என்ன அதிகாரி? கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. பூட்ஸுக்குள் வியர்வை தேங்கிக் கால் வழுக்கியது. கோழி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரண்டு அரசாங்கக் கோழி கிடைத்ததே என்று மகிழ்ந்ததுதான் கடைசியாக நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது பாண்டியம்மாள் வீட்டுக்குள் பாயில் கிடந்தேன். அரசாங்க அங்கியைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். நாலைந்து பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். முகத்தில் தண்ணீரை அடித்தார்கள், உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைப் புகட்டினார்கள். எழுந்தால் தலை சுற்றியது, மறுபடி படுத்துத் தூங்கிப்போனேன். பிறகு யாரோ எழுப்பி உட்காரவைத்து, ஒரு டம்ளரைக் கையில் தந்தார்கள். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, மேலே மினுங்கும் எண்ணெய். ஒரே மூச்சில் குடித்தேன். உயிர் உச்சந்தலைவரை ஏறியது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன். (இதை மேலதிகாரியிடம் சொல்லவில்லை.)

தெம்பு வந்ததும் கடமையும் வந்தது. "கோழி எங்கே?"

விசிறிய முந்தானைகள் நின்றன. பாண்டியம்மாள் டம்ளரைப் பார்த்தாள்.

"நீங்க கட்டையாட்டம் கெடந்தீக. ஊருக்கு நல்லது செய்ய வந்த பிள்ள, நம்ம வாசல்ல விழுந்து கெடக்கு. கோழியா பெருசு? வேற வீட்டுல யாரும் தர மாட்டேன்ட்டாக, அரசாங்கம் புடுங்கிரும்னு அம்புட்டுக் கோழியவும் மச்சுல ஏத்தி ஒளிச்சிட்டாக. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

நான் சாட்சியைக் குடித்திருந்தேன். இரண்டு டம்ளர்.

முதலில் என்னை நினைத்துத்தான் பயந்தேன். பிறகு பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்த கறியில் கிருமி பிழைக்காது. குடித்தவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து வெறுங்கையால் அறுத்து, ரோமம் பிடுங்கி, குடல் எடுத்தவளுக்கு. அந்தக் கையால்தான் பாண்டியம்மாள் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இத்தனை ஆர்ப்பாட்டம் செய்து, யாரைக் காப்பாற்ற வந்தேனோ அவளையே அறுக்க வைத்திருக்கிறேன்.

"சோப்பு! எல்லாரும் கையைக் கழுவுங்க! தலை எங்கே, குடல் எங்கே?"

கொல்லைக் குப்பையில் கிடந்தன. அதாவது, கிடந்திருந்தன. நான் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தபோது ஒரு செவலை நாய் தலையை வாயில் கவ்விக்கொண்டிருந்தது. "அதைப் பிடிங்க! அது அரசாங்கச் சொத்து!" என்று அலறினேன். உள்பாவாடையும் ரப்பர் பூட்ஸுமாக (புடவை எப்போது போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது) நான் முன்னால், பெண்கள் பின்னால், நாய் எல்லோருக்கும் முன்னால். வாய்க்கால் மதகடியில், கடை கடையாக ஐஸ் தேடி அலைந்துவிட்டு அப்போதுதான் பெட்டியோடு வந்த செல்லத்துரையின் பைக்குக்கு முன்னால் நாய் மிரண்டு தலையைக் கீழே போட்டது. செல்லத்துரை என்னைப் பார்த்தார், மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாற்றுக் கையுறையை மாட்டித் தலையை எடுத்தேன். குடல் குப்பையிலேயே இருந்தது. இரண்டையும் ஐஸில் வைத்தேன்.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"நோயுள்ள கோழி என்னாச்சு?"

"தலையும் குடலும் பெட்டியில இருக்கு சார்."

"மிச்சம்?"

"குடிச்சிட்டேன் சார்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு, "காய்ச்சல் வந்தா உடனே சொல்லும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த 'அம்மா'வில் என் எதிர்காலம் முழுவதும் தெரிந்தது.

மாதிரி சென்னைக்குப் போனது. முடிவு வரும்வரை தினமும் பேருந்து பிடித்து அந்த ஊருக்குப் போனேன். பாண்டியம்மாளுக்கும், அவளோடு சேர்ந்து கோழி உரித்த பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லிவைத்தேன். அவள் ஒரு முறை தும்மினாள், நான் அன்று சாப்பிடவில்லை. அவளோ, "வெங்காயம் உரிச்சா தும்மல் வராதா?" என்று என்னைத் தேற்றினாள். நோய் உறுதியானால் மச்சில் ஒளிந்திருந்த கோழிகள் அத்தனையும் அழிக்கப்படும். அதையும் ஊராரிடம் மறைக்காமல் சொன்னேன். எரிந்து விழுந்தார்கள். மறுநாளும் போனேன்.

கடைசியில் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. வெயில் காலத்தில் வழக்கமாகக் கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல். களையெடுக்கிற வயலுக்கே ஓடி, வரப்பில் நின்று கத்தினேன்.

"உங்க கோழியெல்லாம் வெள்ளைக்கழிச்சல்லதான் செத்துச்சு!"

பாண்டியம்மாள் நிமிர்ந்தாள். "எங்கோழி செத்ததுக்கு இம்புட்டுச் சந்தோசமா ஒனக்கு?" என்றாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் சேற்றுக் கையோடு வந்து என் தலையைத் தடவினாள். அந்த வாரமே தடுப்பூசி முகாம் போட்டோம். மச்சிலிருந்து கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

பிறகு எனக்குத் திருமணமாகி, தேனிக்கே மாற்றலானது. ஒருநாள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் குழம்பு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"டாக்டரம்மா, பாண்டியம்மா பேசுறேன். ரெண்டு கோழி தூங்குது. அறுக்கல, தொடக்கூட இல்ல, கூடையப் போட்டுக் கவுத்து வச்சிருக்கேன். வெரசா வாங்க."

பெருமையாக எல்லோர் முகத்தையும் பார்த்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா சாப்பிட்டுட்டு வாங்க ஆத்தா. போன தடவ மாதிரி மயங்கி விழுந்தீகன்னா, இங்கன ஒரு கோழியும் மிஞ்சாது."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. அன்றிலிருந்து நான் காலையில் சாப்பிடாமல் படியிறங்கினால் போதும், மாமியார் முதல் மகள்வரை வாசலுக்கு ஓடிவந்து கோழிகளின் சார்பாகக் கெஞ்சுகிறார்கள்.