பொறி அல்ல, விருந்தோம்பல்

மனித நாகரிகம் இதுவரை மூன்று முறைதான் முன்னேறியிருக்கிறது. நெருப்பு ஒன்று, சக்கரம் ஒன்று. மூன்றாவது, ஒஹாயோ மாநிலம் கெல்டர் கிரீக்கில், மேப்பிள் தெருவில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு வீட்டின் சமையலறை. முதல் இரண்டும் நடந்தபோது பக்கத்தில் இருந்தவர் யாரென்று தெரியாது. மூன்றாவதில் நான் இருந்தேன். கெல்டர் கிரீக் காவல் துறையின் ஊடகத் தொடர்பு அலுவலர் டுவேன் புரூயிட் என்பது என் பெயர். தொலைக்காட்சியில் புதருக்குப் பின்னால் தெரிகிற இடது தோள் என்னுடையது.

நிகழ்ச்சியின் பெயர் 'உள்ளே வாருங்கள்'. இணையத்தில் குழந்தைகளைத் தேடி அலையும் அயோக்கியர்களைப் பிடித்து நாட்டுக்குக் காட்டும் தொடர். முறை எளிது. ஜோலீன் என்ற நாடக நடிகை கணினி முன் உட்கார்ந்து, தன்னைப் பதின்மூன்று வயதுச் சிறுமி என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பார். ஜோலீனுக்கு மூட்டுவலி உண்டு, விவாகரத்தும் ஆகியிருக்கிறது. ஒரு தீயவன் வலையில் வந்து பேச்சுக் கொடுப்பான், பிறகு வீடு தேடி வருவான். சமையலறை மேசையில் பிஸ்கட்டும் எலுமிச்சைச் சாறும் இருக்கும். அவன் ஒரு வாய் குடித்ததும், கதவுக்குப் பின்னாலிருந்து தொகுப்பாளர் டெர்ரி வான்ஹூஸ் வெளிப்படுவார். "உக்காருங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்பார். உட்கார்ந்தவன் எழுந்து ஓடுவான். வெளியே புல்தரையில் எங்கள் காவல் துறை முழுவதும் அவன்மேல் விழும். 'முழுவதும்' என்பது அலங்காரச் சொல் அல்ல. பாதிப் பேர் மட்டும் விழுந்தால் திரை காலியாகத் தெரிகிறது என்று இயக்குநர் வருத்தப்பட்டார். ஆகவே ஸ்டேஷனைப் பூட்டிவிட்டு வந்திருந்தோம்.

இத்தகைய திருப்பணியைப் பார்த்தும் சில அறிவாளிகள் கேட்கிறார்கள்: இது பொறி வைத்துப் பிடிப்பது ஆகாதா? நீங்களே ஆசை காட்டி, நீங்களே குற்றம் செய்ய வைத்து, நீங்களே பிடித்தால் அது என்ன நியாயம்?

நல்ல கேள்வி. அவ்வளவு நல்ல கேள்வி என்பதால்தான் நிகழ்ச்சியின் இரண்டாவது பாதி முழுவதும் மூன்று நிபுணர்கள் அதையே விவாதிக்கிறார்கள். ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார், மூன்றாமவர் கண்ணாடியைத் துடைப்பார். முதல் பாதியைவிட இரண்டாவது பாதியில்தான் விளம்பரங்கள் அதிகம். கோபத்தில் இருப்பவன் சேனலை மாற்றுவதில்லை. ஆண்டுக்கணக்கில் விவாதித்தும் முடிவு வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்வது நிபுணர்களின் கடமை.

சட்டத்தின் நுட்பங்களைக் காக்க, நிகழ்ச்சியின் வழக்கறிஞர் மெரிடித் பாஸ்கோம் எங்களோடே தங்கியிருந்தார். ஒருவன் மனதில் இல்லாத குற்றத்தை நாம் கொண்டுபோய் வைத்தால் அது பொறி. இருக்கிற குற்றத்துக்குக் கதவைத் திறந்து வைத்தால் அது விருந்தோம்பல். இதுதான் அவர் வகுத்த கோட்பாடு. அதன்படி ஜோலீன் முதலில் ஹலோ சொல்லக் கூடாது. வாசல் கதவு ஒரு சாண் மட்டுமே திறந்திருக்க வேண்டும். முழுக்கத் திறந்தால் அழைப்பு, மூடினால் ஒளிபரப்பு இல்லை. சாக்லேட் பிஸ்கட்டையும் அவர் தடை செய்தார், அது ஆசை காட்டுதலாம். அதனால் உலர்திராட்சை போட்ட ஓட்ஸ் பிஸ்கட் வைத்தோம். அதைத் தின்ன ஆசைப்பட்டு எவனும் கெட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை.

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். வீடு நிஜமாகத் தெரியவேண்டும் என்று திரைச்சீலை, பூந்தொட்டி, கூடைப்பந்து வளையம் எல்லாம் மாட்டினோம். மேப்பிள் தெருவில் ஒரு வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் கண்ணாடிப் பாத்திரத்தில் எதையாவது சுட்டு எடுத்துக்கொண்டு வரவேற்க வருவார்கள். நாங்கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் திருப்பித் தராத கண்ணாடிப் பாத்திரம் இருக்கிறது. இருந்தும் எவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாளே ஓய்வுபெற்ற பல்மருத்துவர் வெண்டல் ஆப், டூனா மீன் போட்ட மக்ரோனியோடு உள்ளே வந்துவிட்டார். டெர்ரி வெளிப்பட்டார். உட்காருங்கள், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும் என்றார். வெண்டல் உட்கார்ந்தார். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, வாழ்நாள் முழுவதும் ஊராரைப் பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யச் சொன்னவர் தான் என்றும், தான் மட்டும் ஒருநாளும் செய்ததில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்து வந்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவி. ஒப்புதல் இல்லாத பச்சை நிறத்தில் தபால்பெட்டிக்கு வண்ணம் அடித்ததாக எதிர்வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தவர். அந்த வண்ணத்தை இரவோடிரவாக அடித்தது தானேதான் என்றார். வீடு வீடாகக் கிறிஸ்தவ வேதம் சொல்ல வந்த இரண்டு இளைஞர்கள், உட்காரச் சொன்னதுமே தங்களுக்கே அந்த வேதத்தில் சில சந்தேகங்கள் இருப்பதாகத் தொடங்கினார்கள், ஒருவழியாக அனுப்பிவைத்தோம்.

"யாரையும் நாம குத்தம் பண்ண வைக்கல. எல்லாரும் வீட்டுலேர்ந்தே கொண்டாந்திருக்காங்க" என்று பாஸ்கோம் தீர்ப்புச் சொன்னார். மக்ரோனி சுவையாக இருந்தது.

புதன்கிழமை மதியம் கொலீன் டிராபெக் வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். கையில் வழக்கமான கண்ணாடிப் பாத்திரம். டெர்ரி வெளிப்பட்டு வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்.

"தெரியும்" என்றபடி கொலீன் உட்கார்ந்தார். "போலீஸ் எங்க இருக்குன்னு தேடித்தான் வந்தேன். சும்மா வந்தா உள்ள விடமாட்டீங்கன்னு இதைச் சுட்டு எடுத்துட்டு வந்தேன்."

அவருடைய மகள் டெஸ்ஸாவுக்குப் பதினொரு வயது. ஊர் நீச்சல் அணியில் இருக்கிறாள். பயிற்சியாளர் ரிட்லி அந்தச் சிறுமிக்குத் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பிவருகிறார். எப்படிப்பட்ட செய்தி என்பதற்கு ஒன்று போதும்: அம்மாவிடம் காட்டாதே என்று எல்லாவற்றின் முடிவிலும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அணி பேருந்தில் வெளியூர்ப் போட்டிக்குப் போகிறது. இரவு அங்கேயே தங்கல். மகளைத் தான் அனுப்பப்போவதில்லை என்றும், ஆனால் பேருந்தில் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றும் கொலீன் சொன்னார். ஸ்டேஷனுக்குப் பலமுறை போன் செய்திருக்கிறார். 'குழந்தைகளைப் பாதுகாக்கும் சிறப்புப் பணியில் எல்லா அதிகாரிகளும் ஈடுபட்டிருக்கிறார்கள், தயவுசெய்து காத்திருக்கவும்' என்று பதிவுக் குரல் சொல்லியிருக்கிறது. அது என் குரல். பலரும் பாராட்டியிருக்கிறார்கள்.

மகளின் போனை அவர் மேசைமேல் வைத்தார். நாங்கள் சீஃப் என்று அழைக்கும் காவல் தலைவர் ரஸ் கான்ட்னர் எடுத்துப் படித்தார். ஒரு கணம் அவர் முகம் நிஜப் போலீஸ்காரர் முகம்போல ஆகிவிட்டது. ஒப்பனைக் கலைஞர் ஓடிவந்து சரிசெய்தார்.

உடனே வாகனக் கொட்டகையில் அவசரக் கூட்டம் கூடியது. கொலீனை ஓட்ஸ் பிஸ்கட்டோடு சமையலறையில் உட்கார வைத்தோம்.

பாஸ்கோம் செய்திகளை இருமுறை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல பொறி எங்க இருக்கு, சீஃப்?"

"இல்லயே. அவனாத்தான் ஆரம்பிச்சிருக்கான். ஒருத்தரும் கூப்பிடல."

"அதான் சிக்கல். பொறியா இல்லையாங்கற சந்தேகமே வரல. அப்புறம் ரெண்டாவது பாதியில மூணு பேரும் உக்காந்து எதைப் பேசுவாங்க?"

சீஃப் கார் சாவியை எடுத்தார். "பேச வேணாம். நான் நேரா போய்ப் புடிச்சிட்டு வந்துடறேனே" என்றார்.

"எப்படி? மைக்கோடவா?"

சீஃப் தன் சட்டையில் சேனல்காரர்கள் குத்தியிருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வரை நாங்கள் வேறு யாரையும் வேறு எங்கும் கைது செய்வதில்லை என்று சேனலுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நீச்சல் குளத்தில் வெளிச்சமும் சரியில்லை, எதிரொலி வேறு என்று இயக்குநர் சொன்னார். மேலும் அந்தச் சிறுமி நிஜச் சிறுமி. நிஜச் சிறுமிகள் நேரத்துக்கு வருவதில்லை; ஒரே வசனத்தை இரண்டாம் முறை கேட்டால் அழுகிறார்கள். இதெல்லாம் தொழில்முறை அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் டெர்ரிதான் வழி கண்டுபிடித்தார். பயிற்சியாளரை விஞ்ஞான முறையில் சோதித்துவிடலாம். அவர் இணையத்தில் புழங்குகிற இடத்தில் ஜோலீனை உட்கார வைப்போம். அவர் உண்மையிலேயே தீயவர் என்றால் ஜோலீனுக்கு ஹலோ சொல்வார். சொன்னால் வீட்டுக்கு வருவார், வந்தால் சாறு குடிப்பார், குடித்தால் புல்தரை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். சீஃப் ஒரு கையால் தட்டினார். இன்னொரு கையில் கொலீன் கொண்டுவந்த பாத்திரம் இருந்தது.

ஜோலீன் காத்திருந்தார். விதிப்படி ஹலோ சொல்லவில்லை. வியாழக்கிழமை முழுவதும் காத்திருந்தார். முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, நீச்சல் பிடிக்கும் என்று தன் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தார். பயிற்சியாளர் ரிட்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்கோம் முடிவை அறிவித்தார். குற்றம் செய்வதற்கான முழு வாய்ப்பும் நியாயமான முறையில் வழங்கப்பட்டும், மேற்படியார் அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே அவர் மனதில் குற்றம் இல்லை. 'உள்ளே வாருங்கள்' சோதனையில் தேறிய முதல் கெல்டர் கிரீக் குடிமகன் என்று அவரைப் பாராட்டி நானே அறிக்கை தயாரித்தேன். என்னுடைய சிறந்த அறிக்கைகளில் ஒன்று. 'ஐயத்துக்கு அப்பாற்பட்ட' என்ற சொற்றொடரை இரண்டு இடங்களில் பயன்படுத்தியிருந்தேன்.

மரியாதைக்காக கொலீனுக்கும் போன் செய்து சொன்னேன்.

"அவனுக்கு உங்க பொண்ணு எதுக்கு சார்? என் பொண்ணு நம்பர்தான் அவன்கிட்ட இருக்கே" என்றார்.

இது உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கத் தொடங்கினேன். அவர் வைத்துவிட்டார்.

அன்று மாலை நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீச்சல் குளத்தின் வாகன நிறுத்தத்தில் அணியின் பேருந்து கிளம்பத் தயாராக நின்றது. கொலீன் போய் அதன் முன்னால் நின்றுகொண்டு, வழியனுப்ப வந்திருந்த பெற்றோர் முன்னிலையில், மகளின் போனிலிருந்த செய்திகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஒப்பனை இல்லை. குரல் பல இடங்களில் உடைந்தது. மறுபடி வாசிக்கச் சொல்ல அங்கே ஒரு இயக்குநரும் இல்லை. ரிட்லி சிரித்துக்கொண்டே, "என்னங்க மேடம் இது, உள்ள போய்ப் பேசலாமே" என்றாராம். யாரும் உள்ளே போகவில்லை. ஒரு தந்தை பேருந்தில் ஏறித் தன் மகளை இறக்கிக்கொண்டு வந்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். ஓட்டுநர் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ மாவட்டக் காவலான கவுண்டி ஷெரீஃப் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டே பேர். ஒருவர் கையில் பாதி தின்ற பர்கர். போனை வாங்கிப் படித்தார்கள், விலங்கு மாட்டினார்கள், போய்விட்டார்கள். பயிற்சியாளரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் நடந்த கைதுகளிலேயே திரையில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் வீணாகிப்போன கைது அதுதான்.

எங்கள் சேனல் பெருந்தன்மையானது. நடந்ததை மறந்து, ஞாயிற்றுக்கிழமை நேரடி விவாதத்துக்கு கொலீனை அழைத்தார்கள். காரணம், இப்போது கேள்வி பிறந்துவிட்டது: ரிட்லி பொறி வைத்துப் பிடிக்கப்பட்டாரா? முதல் நிபுணர் ஆம் என்றார். சிறுமிக்குப் போன் வாங்கிக் கொடுத்தது யார்? தாய். எப்போதும் இல்லை என்று சொல்லும் இரண்டாவது நிபுணர் யோசித்துவிட்டு, நீச்சலில் சேர்த்ததும் தாய்தானே என்றார். மூன்றாமவர் கண்ணாடியைத் துடைத்து முடித்து, முதன்முறையாக அதை மாட்டிக்கொண்டு, தினமும் சாயங்காலம் குளத்தில் கொண்டுபோய் விட்டதும் தாய்தான் என்றார். எங்கள் ஜோலீன் இதில் ஒன்றையும் செய்ததில்லை, ஹலோகூடச் சொன்னதில்லை. நிகழ்ச்சியின் வரலாற்றில் மூவரும் ஒத்துப்போன ஒரே நாள் அது. அரங்கில் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

டெர்ரி கொலீன் பக்கம் திரும்பினார். தாழ்ந்த குரலில், எழுதிவைக்காமல், நெஞ்சிலிருந்து கேட்டார்.

"மனசைத் தொட்டுச் சொல்லுங்க மேடம். உங்களுக்குப் பொண்ணே இல்லாம இருந்திருந்தா, இந்தக் குத்தம் நடந்திருக்குமா?"

கொலீன் அவரையே பார்த்தார்.

"நடந்திருக்காது" என்றார்.

யார் பொறி வைத்தது என்பது இவ்வாறு நாட்டு மக்கள் முன்னிலையில், சம்பந்தப்பட்டவரின் வாயாலேயே, ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. அவர் அதோடு நிறுத்தாமல், "நான் போன் பண்ணப்ப உங்கள்ல ஒருத்தர் எடுத்திருந்தாலும் நடந்திருக்காது" என்றும் சொன்னார். அது ஒளிபரப்பாகவில்லை. நேரம் முடிந்துவிட்டது, எலுமிச்சைச் சாறு விளம்பரம் வந்துவிட்டது.