கரப்பான் பூச்சியிடம் மனம்விட்டுப் பேசுங்கள்

காலை பத்தே காலுக்குக் குடும்பநல ஆலோசகர் போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகப் பேசினார்.

"நம்ம பிளாக்ல இன்னிக்கு என்ன வந்திருக்குன்னு ஒரு தடவை பாருங்கம்மா."

அவருடைய வலைப்பூவைத் திறந்து பார்த்தாள். 'கரப்பான் பூச்சித் தொல்லையா? ஐந்து வழிகள்' என்பது தலைப்பு. அதன் கீழே கட்டுரை இப்படித் தொடங்கியது: 'முதலில் அவர் மனம்விட்டுப் பேச இடம் கொடுங்கள். குறுக்கிடாதீர்கள். முடிந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.'

அவளுக்கு இருப்பதே இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் இந்த ஆலோசகர், இன்னொருவர் வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிக்கிறவர். இவர்களுக்குக் கட்டுரை எழுதித் தருவதை நம்பித்தான் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள். வீட்டிலிருந்தே சாதித்துக் காட்டுகிறேன் என்று கணவனிடம் சவால் வேறு.

சாப்பாட்டு மேசைமேல், மாமனாரின் செய்தித்தாளுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் மூன்று மாதத்துக்கான ஸ்ப்ரெட்ஷீட் திறந்தே கிடந்தது. தேதி, யாருக்கு, தலைப்பு, கட்டுரை என்று நான்கு பத்திகள். தினமும் பத்து மணிக்கு அன்றைய வரியை எடுத்து உரியவரின் பிளாக்கில் தானாகப் போட்டுவிடும்படி தம்பி ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். இப்போது தலைப்புகள் மட்டும் தாறுமாறாக இடம் மாறியிருந்தன. மதியச் சாப்பாட்டை மறந்து, ஒவ்வொன்றாக இழுத்து வைத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் பூச்சிமருந்துக்காரர் முறை. 'கறார் மாமியார் மனதில் இடம்பிடிப்பது எப்படி?' என்ற தலைப்பின் கீழ், 'இருட்டு மூலையாகப் பார்த்து மருந்தை அடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கதவைத் திறக்காதீர்கள்' என்றிருந்தது.

"என் சம்சாரம் படிச்சுட்டாங்க," என்றார் அவர். "எங்கம்மாவும் படிச்சுட்டாங்க. நான் இப்ப கடையிலதான் சாப்பிடறேன், கடையிலதான் தூங்கறேன்."

தம்பியைக் கூப்பிட்டாள்.

"நீ எதையோ தெரியாம அழுத்தறேக்கா."

"நான் ஒண்ணையும் அழுத்தலடா. நேத்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியா சரிபண்ணி வெச்சேன்."

"சரி, எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க."

எடுத்து வைத்தாள். அடுத்த நாள் பத்து மணிக்கு அசலும் வந்தது, நகலும் வந்தது. ஒரே தப்பு இரண்டு தடவை.

நகலை அழித்தாள். அவகாசம் கிடைக்கட்டும் என்று தேதிகளை எல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போட்டாள். பதற்றத்தில் வருடத்தை மாற்றிப் போட்டுவிட்டாள், போன வருடத்துக்கு. கெடு தாண்டிப்போனவை என்று எண்ணிய ஏற்பாடு, மூன்று மாதச் சரக்கையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. கரப்பானுக்கு ஆறுதல் சொல்லும் கட்டுரைகளும், நாத்தனாருக்கு மருந்தடிக்கும் கட்டுரைகளும் வரிசை கட்டி நின்றன.

ஆலோசகர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஆறு மாசமா முகம் கொடுத்துப் பேசாத ஒரு ஜோடிம்மா. ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து இதைப் படிச்சுச் சிரிச்சிருக்காங்க. சமாதானமாயிட்டோம், இனிமே வரலைன்னு சொல்லிட்டாங்க. இது வரைக்கும் நாலு ஜோடி போயாச்சு. நான் தொழில் பண்ண வேண்டாமா?"

அவர் போன பிறகு பூச்சிமருந்துக்காரரிடமிருந்து செய்தி வந்தது. 'நன்றி. போதும்.'

கணவன் திட்டவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "உங்க ஸ்கூல்ல அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்," என்றான். அவன் குரலில் இருந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. மேசைமேல் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல் அழுதாள். எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துவிட்டால்கூட மனம் ஆறிவிடும். அதுதான் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் மாமனார் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது போலிருந்தது.

"சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. நாப்பது வருஷம் நூலகத்துல இருந்தவன், மனசு கேக்கல. தினம் விடிஞ்சதும் உன் தலைப்பையெல்லாம் அகரவரிசையில அழகா அடுக்கி வெக்கறேன். நீ ஏம்மா அதைத் திரும்பத் திரும்பக் கலைச்சு விடறே?"